டல்லீத் வாங்கும்போது கோடுகளைப் பார்ப்பதா, மூலையைப் பார்ப்பதா?

கரைவேட்டி (தொடக்கப் பதிவு)

யூதர்கள் காலைத் தொழுகையில் போர்த்துக்கொள்ளும் பெரிய சால்வை டல்லீத் கடோல். சட்டைக்கு உள்ளே நாள் முழுக்கப் போட்டிருக்கும் சின்ன உடை டல்லீத் கட்டான். இரண்டின் நான்கு மூலைகளிலும் தொங்கும் முடிச்சு நூல்கள் ட்சிட்சித். இவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தமிழில் எழுதியது அதிகம் கண்ணில் படவில்லை.

இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போனவர்களுக்கு இது அன்றாடத் தேவை. "பழசு நைந்துவிட்டது, புதுசு வாங்கி வா" என்று வீட்டுப் பெரியவர் சொல்லுவார். கடையில் அளவு எண், துணி, நூலின் தடிமன், முடிச்சு வகை என்று அடுக்கடுக்காகக் கேட்பார்கள். ஒன்று தவறினாலும் பெரியவர் அதை அணிய மாட்டார். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். துவைப்பது, நூல் அறுந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுத்து பற்றி ஒன்று. ஒற்றை 'ல்' போட்டுத் 'தலித்' என்று எழுதினால் நம்மிடம் வேறு பொருள் வந்துவிடும். அதனால் இந்த இழையில் 'டல்லீத்' என்றே எழுதுவோம்.

பாவுநூல்

முதலில் அடிப்படை. கட்டளை சால்வைக்கு அல்ல, மூலைக்கு. நான்கு மூலை உள்ள உடையை ஒருவர் அணிந்தால் அந்த மூலைகளில் தொங்கல் இருக்க வேண்டும் என்பதே யூத வேதமான தோராவின் சொல். எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தின் கடைசியிலும் உபாகமம் 22:12-லும் வருகிறது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குத் 'தொங்கல்' என்ற சொல் பழக்கமானதுதான். இன்றைய சட்டைக்கு நான்கு மூலை கிடையாது. ஆகவே கட்டளையை நிறைவேற்றவென்றே நான்கு மூலை உடை ஒன்றைத் தைத்து அணிகிறார்கள்.

இதை மனதில் வைத்தால் கடையில் என்ன பார்ப்பது என்பது தானே விளங்கும். பெரும்பாலானோர் கோட்டின் நிறத்தையும் கழுத்துப்பட்டையின் வெள்ளி வேலைப்பாட்டையும் பார்த்து வாங்குகிறார்கள். பணம் போக வேண்டிய இடம் மூலையும் நூலும். துணி சுமாராக இருந்து நூல் நன்றாக இருந்தால் அது நல்ல டல்லீத். நூல் செல்லாததாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த துணியும் வெறும் போர்வை. வெளியே பொருள் சுமக்கத் தடையுள்ள சப்பாத் ஓய்வுநாளில் இது இன்னும் கடுமை. நூல் செல்லாத உடையை அணிந்து சுமக்க இடம்தரும் ஏருவ் என்ற எல்லைக்கோடு இல்லாத தெருவில் நடந்தால், அந்த நூல்களைச் சுமந்து போனதாகக் கணக்கு.

மூலையில் பார்க்க வேண்டியது துளை. துணியின் இரு விளிம்புகளிலிருந்தும் அது மூன்று கட்டைவிரல் அகலத்துக்கு அப்பால் போகக் கூடாது. கட்டைவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரையுள்ள நீளத்துக்குள் நெருங்கி வரவும் கூடாது. நடைமுறையில் விளிம்பிலிருந்து 4 செ.மீ.க்கு மேல், 6 செ.மீ.க்குள். ஒரு சிறு அளவுகோலைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். இரண்டு பக்க விளிம்புக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருந்து மறுபக்கம் 3 செ.மீ. இருக்கும் மலிவு உடைகள் உண்டு.

துளையைச் சுற்றிப் பொத்தான் துளைக்குப் போடுவதுபோல் நெருக்கமான தையல் இருக்கிறதா, மூலையில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டு வேறு துணியாக, பட்டாகவோ சாட்டினாகவோ இருந்தாலும் குறையில்லை. உடை எந்த வகை என்பதை முதன்மைத் துணிதான் முடிவு செய்கிறது.

முழக்கோல்

அளவு பற்றி எழுதுகிறேன், இதில்தான் குழப்பம் அதிகம்.

எபிரேயத்தில் 'அம்மா' என்பது நம் முழம்தான்: முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. அது எத்தனை செ.மீ. என்பதில் இரண்டு கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. ரப்பி (யூத மத அறிஞர்) ஹாயிம் நாஏயின் கணக்கில் கட்டைவிரல் அகலம் 2 செ.மீ., முழம் 48 செ.மீ. ஹசோன் ஈஷ் என்று அழைக்கப்படும் ரப்பியின் கணக்கில் கட்டைவிரல் 2.4 செ.மீ., முழம் 58 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. மேலே பாவுநூல் சொன்ன மூன்று விரல் 6 செ.மீ. என்பது முதல் கணக்கு. அதற்குள் இருந்தால் இரண்டாம் கணக்குக்கும் பொருந்திவிடும்.

டல்லீத் கட்டானின் குறைந்த அளவை யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அருக் செ.மீ.யில் சொல்லவில்லை. தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வரும் வயதுள்ள ஒரு சிறுவனின் தலையையும் உடலில் பெரும்பகுதியையும் மூடும் அளவு என்கிறது. பின்வந்த உரையாசிரியர்கள் அதை முழத்தில் பிரித்தார்கள். முக்கால் முழ நீளம், அரை முழ அகலம் போதும் என்போர் உண்டு. முன்பக்கம் ஒரு முழச் சதுரம், பின்பக்கம் ஒரு முழச் சதுரம், கழுத்துத் துளையைக் கணக்கில் சேர்க்காமல், என்பது கவனமாக இருப்போர் வழி. கடையில் "ஹசோன் ஈஷ் அளவு" என்று கேட்டால் பெரியதைத் தருவார்கள். பெரியவர்களுக்கு அதையே வாங்குங்கள். பெரியதாக இருப்பதில் எந்தக் கருத்துவேறுபாடும் இல்லை.

இரண்டு இடத்தில் ஏமாறலாம். பனியன்போல் தைத்த வகையில் பக்கவாட்டுத் தையல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பாருங்கள். பக்கத்தின் பாதிக்கு மேல் திறந்திருந்தால்தான் அது நான்கு மூலை உடை. பாதிக்கு மேல் தைத்துவிட்டால் மூலை என்ற கணக்கே போய்விடும். அடுத்தது தோள்பட்டை. கழுத்துத் துளையை அகலமாக வெட்டி, தோளில் நாடாபோல் குறுக்கி வைத்திருந்தால் வாங்க வேண்டாம். முன்னும் பின்னும் சேர்ந்து ஒரே உடை என்று சொல்ல, தோளில் துணி இருக்க வேண்டும்.

டல்லீத் கடோலுக்கு 45, 50, 55, 60, 70, 80 என்று எண் போடுவார்கள். இது செ.மீ. அல்ல, அங்குலமும் அல்ல. 60 என்றால் ஏறத்தாழ 150 செ.மீ.க்கு 200 செ.மீ. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் விரித்து அளந்து வாங்குங்கள். நடுத்தர உயரத்துக்கு 55 அல்லது 60 சரியாக வரும். உட்கார்ந்தே தொழும் முதியவருக்கு ஓர் எண் குறைத்து வாங்குவது நல்லது. நீளமான டல்லீத் சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கும், முதலில் அறுவது மூலை நூல்தான்.

வெயில்காலம்

கம்பளிதான் வேண்டுமா? ஜூலை, ஆகஸ்டில் கம்பளியை உள்ளே போட்டால் முதியவர்களுக்கு வேர்க்குரு வந்துவிடும். பருத்தி செல்லாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். வலைத்துணியில் வருவதையும் கடையில் காட்டுகிறார்கள்.

பாவுநூல்

பருத்தி செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. வேறுபாடு எங்கே என்றால், இடைக்கால அறிஞர்கள் ரிஃப், மைமோனிடிஸ் வழியில் ஷுல்கான் அருக் சொல்வது: கம்பளிக்கும் லினனுக்கும் மட்டும் தோராவின் கடமை, மற்றத் துணிக்கு அறிஞர்கள் விதித்த கடமை. போலந்து அறிஞர் ரெமா சொல்வது: எல்லாத் துணிக்கும் தோராவின் கடமை. செபார்டிகள் (ஸ்பானிய, மத்திய கிழக்கு மரபு யூதர்கள்) ஷுல்கான் அருக்கைப் பின்பற்றுவதால் கம்பளியை விடமாட்டார்கள். அஷ்கெனாசிகளில் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள்) பருத்தி அணிவோர் நிறைய, ஆனாலும் எல்லாக் கருத்துக்கும் பொருந்தட்டும் என்று கம்பளி தேடுவோர் அவர்களிலும் உண்டு. பெரியவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். மெல்லிய கம்பளியில் தளர்வாக நெய்த கோடை வகை இருக்கிறது. வேர்க்குருவுக்கு அதுதான் முதல் வழி. இல்லையென்றால் உள்ளே மெல்லிய பருத்திப் பனியன், மேலே கம்பளி.

வலைத்துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் இருக்கும். செயற்கை இழைக்கு ட்சிட்சித் கடமையே இல்லை என்று ரப்பி மோஷே ஃபைன்ஸ்டைன் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கடமை இல்லாத உடையில் தொங்கல் கட்டி ஆசீர்வாதம் சொல்வது வீண் ஆசீர்வாதம் ஆகிவிடும். ஆகவே லேபிளில் 100% கம்பளி அல்லது 100% பருத்தி என்று இருப்பதை மட்டும் எடுங்கள்.

நூலுக்கும் துணிக்கும் பொருத்தம் இப்படி: கம்பளி நூல் கம்பளிக்கும் பருத்திக்கும் செல்லும். பருத்தி நூல் பருத்தித் துணிக்கு மட்டும். கம்பளி நூலையே வாங்கிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

லினன் மட்டும் வேண்டவே வேண்டாம். கம்பளியும் லினனும் ஓர் உடையில் சேர்ந்தால் ஷாட்நெஸ் என்ற தடை. தமிழில் படித்துவிட்டுக் 'கம்பளியும் பருத்தியும் சேரக் கூடாது' என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். தடை பருத்திக்கு அல்ல, ஆளிச்செடி நாரில் நெய்த லினனுக்கு. டல்லீத்தில் லினன் ஒளிந்திருக்கும் இடம் கழுத்துப்பட்டையான அட்டாரா. அதன் விறைப்புக்காக உள்ளே வைக்கும் துணியில் லினன் கலந்திருக்கலாம். பழைய அட்டாராவைப் பிரித்துப் புது டல்லீத்தில் தைக்கச் சொன்னால், ஷாட்நெஸ் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

எண்புரி

நூல் பற்றி நான் எழுதுகிறேன். கடையில் மற்றதைப் பத்து நிமிடம் பார்த்தால் நூலை இருபது நிமிடம் பார்க்க வேண்டும்.

ஒரு பொட்டலத்தில் 16 நூல்கள் இருக்கும். 12 குட்டை, 4 நெட்டை. மூலைக்கு 3 குட்டையும் 1 நெட்டையும். துளையில் நுழைத்து மடித்தால் 8 முனை. நெட்டை நூலின் நீண்ட முனைதான் ஷாமாஷ், மற்ற ஏழையும் சுற்றுவது அது.

இந்த நூலைக் 'கட்டளையின் நோக்கத்துக்காக' என்று நினைத்து நூற்றிருக்க வேண்டும். அந்த எண்ணத்தை நூற்பவர் வாயால் சொல்லித் தொடங்குவார். சாதாரணக் கம்பளி நூலைக் கடையில் வாங்கிக் கட்டினால் செல்லாது, பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும் சரி. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் பொட்டலத்தின் மேல் இருக்கும் ஹெக்ஷேர் சான்று முக்கியம். எருசலேமின் எடா ஹாகரேதித் சமூகத்து ரப்பி நீதிமன்றமான பதாட்ஸின் முத்திரை உள்ள பொட்டலங்கள் எளிதாகக் கிடைக்கும். பொட்டலத்தில் 'அவோதத் யாத்' என்றிருந்தால் கையால் நூற்றது. 'நிப்பூட்ஸ் லிஷ்மா' என்றிருந்தால் நூற்பதற்கு முன் கம்பளியைச் சிக்கெடுத்து வாருவதிலிருந்தே அந்த எண்ணத்தோடு செய்தது. இயந்திர நூல் விலை குறைவு, அதை ஏற்போரும் உண்டு. பெரியவரின் பழைய பொட்டலம் இருந்தால் அதில் எது எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள்.

அடுத்து முறுக்கு. ஒவ்வொரு நூலும் பல புரிகளைச் சேர்த்து முறுக்கியது. எண்புரி முறுக்கு என்றால் எட்டு இழை சேர்ந்தது. முறுக்கு தளர்ந்தால் முனை பிரிந்து பஞ்சாகும். பிரிந்த பகுதியை 'நூல்' என்று கணக்கிட முடியாது. ஆகவே எட்டு முனையிலும் சிறு முடிச்சு போட்டுக் கட்டுவது வழக்கம். வாங்கும்போது முனை முடிச்சு இருக்கிறதா என்று எட்டையும் பாருங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் பிரியத் தொடங்கும்.

தடிமன் மெல்லியது, நடுத்தரம், தடி என்று மூன்று. இங்கே ஒரு கணக்கு செய்து பார்த்தால் போதும். தொங்கல் குறைந்தது 12 கட்டைவிரல் நீளம் வேண்டும், அதாவது 24 செ.மீ., ஹசோன் ஈஷ் கணக்கில் 29 செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு சுற்றிக் கட்டிய பகுதி, மூன்றில் இரண்டு பங்கு விட்டுத் தொங்கும் பகுதி. அஷ்கெனாசி வழக்கில் சுற்று 39. நூல் 2 மி.மீ. என்றால் சுற்றுகள் மட்டும் 7.8 செ.மீ., முடிச்சுகளோடு 10 செ.மீ.யைத் தொடும். கீழே 20 செ.மீ. தொங்கினால் அழகாக அமையும். நூல் 1.2 மி.மீ. என்றால் சுற்றுகள் 4.7 செ.மீ.தான், சுற்றுப் பகுதி குட்டையாகத் தெரியும். தடி நூலில் இன்னொரு தொல்லை: 2 மி.மீ. நூலில் 39 சுற்றுக்கு ஷாமாஷ் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை விழுங்கும். நெட்டை நூல் போதிய நீளமில்லாத பொட்டலத்தை வாங்கினால் கடைசி 13 சுற்றில் ஷாமாஷ் தீர்ந்துபோய், மற்ற ஏழும் தொங்க இது மட்டும் குட்டையாக நிற்கும். நடுத்தரத் தடிமன்தான் என் பரிந்துரை.

கரைவேட்டி

முடிச்சு வகை கேட்டால் என்ன சொல்வது? "அஷ்கெனாசா, செபார்டியா, சாபாத்தா" என்று கேட்கிறார்கள்.

எண்புரி

பழைய டல்லீத்தின் மூலையைப் படம் எடுத்துப் போங்கள். பெயரையோ பிறந்த நாட்டையோ வைத்து ஊகிக்காதீர்கள்.

எண்ணிப் பார்த்தால் தெரியும். ஐந்து இரட்டை முடிச்சு, இடையில் நான்கு சுற்றுத் தொகுதி. அஷ்கெனாசி வழக்கில் 7, 8, 11, 13. முதல் இரண்டும் சேர்ந்து 15, அது யூத், ஹே என்ற எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பு. 11 என்பது வாவ், ஹே. இவை சேர்ந்து 26, நான்கெழுத்து இறைநாமம். 13 என்பது 'எஹாத்', ஒருவர். 39 சுற்றும் 'இறைவன் ஒருவர்' என்று சொல்கிறது. செபார்டிகளில் பலர் 10, 5, 6, 5 சுற்றுவார்கள், அது இறைநாமத்தின் நான்கு எழுத்தும் ஒவ்வொன்றாக. சாபாத் என்ற ஹசீதிக் குழுவின் வழக்கில் மூன்று மூன்று சுற்றாகப் பிரித்துக் காட்டும் குலியா இருக்கும். அவர்களின் டல்லீத் கட்டானில் மூலைக்கு இரண்டு துளை. யெமன் யூதர்கள் மைமோனிடிஸ் சொன்னபடி 7 அல்லது 13 குலியா சுற்றுவார்கள், இடையில் நம் கண்ணுக்குப் பழகிய இரட்டை முடிச்சுகள் இருக்காது. யெமன் பெரியவருக்கு அஷ்கெனாசி முடிச்சு வாங்கிக் கொடுத்தால் பிரித்துக் கட்டச் சொல்வார்.

கட்டும் முறை, பார்த்துச் சரிபார்ப்பதற்காக: நான்கு நூலையும் துளையில் நுழைத்து ஏழு முனைகளைச் சமப்படுத்தி, ஷாமாஷை நீளமாக விடுவார்கள். துளைக்கு ஒரு பக்கம் நான்கு முனை, மறுபக்கம் நான்கு. இந்த நான்கும் அந்த நான்கும் கடைசி முடிச்சு வரை கலக்கக் கூடாது. கலந்தால் பிறகு நூல் அறும்போது கணக்குத் தப்பும். இரட்டை முடிச்சு, சுற்று, இரட்டை முடிச்சு என்று ஐந்தாவது வரை. முதல் முடிச்சை இழுத்து இறுக்கித் துணி சுருங்கினால் மூலை மடங்கிவிடும். முடிச்சு துணியின் விளிம்பில் படிந்து, தொங்கல் பக்கவாட்டில் விழ வேண்டும்.

ஒரே நீள நூலை நான்கு தடவை நுழைத்துக் கட்டிவிட்டு, பிறகு மடிப்புகளை வெட்டி எட்டு முனை ஆக்கினால் அது செல்லாது. 'செய்ய வேண்டும், ஏற்கெனவே செய்ததிலிருந்து ஆகக் கூடாது' என்பது விதி. கட்டும் நேரத்திலேயே எல்லாம் முறையாக இருக்க வேண்டும். பின்னால் திருத்திச் சரியாக்க முடியாது.

பராமரிப்பில் இருப்பவர்கள் கவனிக்க: யூதர் அல்லாதவர் கட்டியது செல்லாது. வீடியோ பார்த்து எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் செல்லாது. அவிழ்ந்தால், பெரியவரின் மகனோ பேரனோ அல்லது டல்லீத் கடையில் இருப்பவரோ கட்டட்டும்.

கொச்சிக்கரை

ஊகிக்க வேண்டாம் என்று எண்புரி சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1950-களில் கொச்சியிலிருந்து போன யூதர்கள் தெற்கு இஸ்ரேலின் நெகேவில் நெவாட்டிம் போன்ற மோஷாவ் என்ற கூட்டுறவு விவசாயக் குடியிருப்புகளில் குடியேறினார்கள். நம் பக்கத்து ஊர்க்காரர்கள், வழிபாட்டில் செபார்டி மரபு. ஆனால் பிள்ளைகள் எந்தக் குடும்பத்தில் மணந்தார்கள், எந்த ரப்பியிடம் படித்தார்கள் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும்.

கோடு பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளையில் கருப்புக் கோடு பெரும்பாலும் அஷ்கெனாசி, வெள்ளையில் வெள்ளைக் கோடு பெரும்பாலும் செபார்டி. இது வழக்கம் மட்டுமே, எந்தக் கோட்டாலும் டல்லீத் செல்லாமல் போகாது.

பரிசாக வாங்குவோருக்கு: அஷ்கெனாசிகள் பலரிடம் டல்லீத் கடோலைத் திருமணத்துக்குப் பிறகுதான் போர்த்துவது வழக்கம். செபார்டிகளும் ஜெர்மானிய யூதர்களும் சிறு வயதிலிருந்தே போர்த்துவார்கள். 13 வயதுப் பையனின் பார் மிட்ஸ்வா சடங்குக்கு வாங்குமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆர்த்தடாக்ஸ் அல்லாத சபைகளில் பெண்களும் போர்த்துகிறார்கள். ஆர்த்தடாக்ஸ் குடும்பத்துப் பெண்ணுக்கு இதைப் பரிசாக எடுக்க வேண்டாம்.

நீலமுரி

நீல நூல் பற்றி யாரும் எழுதவில்லையே. எண்ணாகமம் நீல நூலும் சேர்க்கச் சொல்கிறது. அதுதான் தெக்கேலெத்.

பழைய யூதச் சட்ட நூலான தால்முத் அதை ஹிலாசோன் என்ற கடல் உயிரியின் சாயம் என்கிறது. சாயம் எடுக்கும் முறை மறைந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் எல்லாரும் வெள்ளை மட்டுமே கட்டினார்கள். 1880-களின் இறுதியில் போலந்தின் ராட்ஸின் ஊர் ரெபே (ஹசீதிக் குழுத் தலைவர்) கெர்ஷோன் ஹெனோக் லைனர் கணவாய் மீனின் மையிலிருந்து நீலம் எடுத்தார். ராட்ஸின் ஹசீதிகள் இன்றும் அதைக் கட்டுகிறார்கள். பின்னர் ரப்பி ஐசக் ஹெர்சோக் அந்தச் சாயத்தைச் சோதிக்கக் கொடுத்தபோது அது பிரஷ்யன் நீலம் என்று தெரிந்தது. நீலம் வந்தது செய்முறையில் சேர்த்த இரும்பு முதலிய பொருள்களால், கணவாயின் நிறத்தால் அல்ல. இப்போது அதிகம் கட்டுவது மியூரக்ஸ் ட்ருங்குலஸ் என்ற கடல் நத்தையின் சாயம். அதன் சாயம் தானாக ஊதாவாக வரும். 1980-களில் இஸ்ரேலின் ஷெங்கார் கல்லூரியில் ஓட்டோ எல்ஸ்னர், சாயத் தொட்டி வெயிலில் இருந்தால் புரோமின் கழன்று தூய நீலம் ஆவதைக் கண்டார். அந்தச் சாய நூலை 'ப்தில் தெக்கேலெத்' அமைப்பு தயாரிக்கிறது.

வாங்குபவர் முடிவு செய்ய வேண்டியது எத்தனை முனை நீலம் என்பது. இடைக்கால அறிஞர்களிடம் மூன்று வழி: மைமோனிடிஸ் வழியில் எட்டில் ஒன்று, ராவாத் வழியில் எட்டில் இரண்டு, ராஷி, தோசாஃபோத் வழியில் எட்டில் நான்கு. பொட்டலம் இந்த மூன்றில் ஒன்றுக்கென்றே அளவெடுத்து வரும், மாற்றிக் கட்ட முடியாது.

பாவுநூல்

நீலமுரி, விவரம் அருமை. ஆனால் பெரியவர் தானாகக் கேட்காத வரை நீல நூல் வாங்க வேண்டாம் என்பேன். மியூரக்ஸ்தான் ஹிலாசோன் என்பதைப் பெரிய ரப்பிகள் பலர் ஏற்கவில்லை. வெள்ளை கட்டும் சபையில் நீலம் தொங்கினால் முதியவருக்குச் சங்கடம்.

நீலமுரி

ஒப்புக்கொள்கிறேன், கேட்டால் மட்டும். கேட்டவருக்கு வாங்கும்போது ஒன்றை விடாதீர்கள். அவுரி நீலத்தை நத்தை நீலத்திலிருந்து கண்ணால் பிரிக்க முடியாது. தால்முத்தே 'காலா இலான்' எனப்படும் அவுரி நீலத்தைத் தெக்கேலெத் என்று விற்பதைக் கடும் குற்றமாகக் கண்டித்திருக்கிறது. சான்றில்லாத நீல நூல் மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள்.

சலவைக்கல்

துவைப்பது பற்றி. கெட்டுப்போகும் டல்லீத்தில் பாதி சலவையில்தான் கெடுகிறது.

டல்லீத் கட்டான், பருத்தி: நான்கு மூலைத் தொங்கலையும் ஒன்றாகச் சேர்த்துத் தளர்வாக ரப்பர் பட்டை போடுங்கள். உடையை உள்ளே சுருட்டி வலைப்பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் மென்மையான சுழற்சி. பட்டையை இறுக்கினால் நூல் அந்த இடத்தில் மடிந்து நையும். ஜிப், கொக்கி, வெல்க்ரோ உள்ள துணியோடு சேர்த்துப் போடவே கூடாது. வெல்க்ரோ புரியைப் பிய்த்துவிடும்.

கம்பளி: வெந்நீரும் குலுக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கி அட்டையாகும். 48 செ.மீ. சதுரத்துக்குச் சற்றே மேலே வாங்கிய உடை சுருங்கினால் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடும். ஆகவே குளிர்ந்த நீர், கம்பளிக்கான சோப்பு, கையால் அலசல், பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நிழலில் விரிப்பு. உலர்த்தும் இயந்திரம் வேண்டாம். குளோரின் பிளீச் கம்பளி இழையைக் கரைக்கும். மஞ்சள் போகட்டும் என்று தொங்கலைப் பிளீச்சில் நனைத்தால், வெளுத்த நூல் சில நாளில் தொட்ட இடத்தில் அறும்.

டல்லீத் கடோலை உலர்சலவைக்குக் கொடுக்கலாம். டல்லீத் எடுத்துப் பழகிய கடையில் மட்டும் கொடுங்கள், அவர்கள் தொங்கலை உறையில் போட்டுக் கட்டிச் செய்வார்கள். திரும்பி வந்ததும் எண்ணுங்கள்: நான்கு மூலை, மூலைக்கு எட்டு முனை, மொத்தம் 32. பிசிறு என்று நினைத்து முனையைக் கத்தரித்து அனுப்புவதும் நடக்கும். பிசிறு தெரிந்தால் நீங்களும் வெட்டாதீர்கள்.

கரைவேட்டி

அதுதான் கடைசிக் கேள்வி. ஒரு முனை அறுந்திருப்பதைக் கண்டால் உடை கெட்டுவிட்டதா?

முழக்கோல்

உடனே இல்லை. எங்கே அறுந்தது, எத்தனை அறுந்தது என்று பார்க்க வேண்டும்.

நூல் கட்டும்போது 24 செ.மீ. இருந்து பிறகு தேய்ந்து குறைந்தால் இடமுண்டு. தொங்கும் பகுதியில் ஓர் உருவு முடிச்சு போடும் அளவு, ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ., மிச்சமிருந்தால் அந்த நூல் இன்னும் நூல்தான். ஆனால் நான்கு நூலில் குறைந்தது இரண்டு நூல் முழு நீளத்தில் இருக்க வேண்டும் என்பது இடைக்கால அறிஞர் ரபேனு தாமின் கருத்து.

ஒரே ஒரு முனை அடியோடு போயிருந்தால் செல்லும். அதே நூலின் மறுமுனை இருக்கிறது. இரண்டு முனை அடியோடு போயிருந்தால்தான் சிக்கல். இரண்டும் ஒரே நூலின் இரு முனைகளாக இருந்தால் அந்த நூல் முழுதும் போயிற்று, செல்லாது. இங்கேதான் எண்புரி சொன்ன 'நான்கும் நான்கும் கலக்காதே' உதவுகிறது. அறுந்த இரண்டும் ஒரே பக்க நான்கில் இருந்தால் அவை வெவ்வேறு நூல், ஆகவே செல்லும். எதிரெதிர்ப் பக்கம் என்றால் ஒரே நூலாக இருக்கலாம், செல்லாதென்று வைத்து மாற்ற வேண்டும். கலந்து கட்டியிருந்தால் எது எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது.

மேலே, துளையில் நூல் மடியும் இடத்தில் அறுந்தால் அந்தத் தொங்கல் அப்போதே முடிந்தது. துணியில் உராய்ந்து நைவது அங்கேதான். மாதம் ஒருமுறை துளைக்குள் இருக்கும் வளைவை வெளிச்சத்தில் பாருங்கள், பஞ்சு தெரிந்தால் அறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அணிபவர் தினமும் ஆசீர்வாதத்துக்கு முன் நூல்களைப் பார்ப்பது விதி. பார்வை மங்கிய முதியவருக்கு அதைப் பக்கத்திலிருப்பவர் பார்த்துச் சொல்வது பெரிய உதவி.

துளை இழுபட்டு விளிம்புக்கு அருகே வந்துவிட்டால் பதற வேண்டாம். கட்டிய நேரத்தில் தூரம் சரியாக இருந்திருந்தால், பின்னால் துணி தேய்ந்து தூரம் குறைந்தாலும் செல்லும். ஆனால் நூல் கட்டியிருக்கும்போதே மூலையில் ஊசி போடாதீர்கள். அங்கே எந்தத் தையல் ஆகும், எது ஆகாது என்பது நுணுக்கமான விதி, ரப்பியிடம் காட்டிவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

சந்தேகமான எதையும் படம் எடுத்துக் காட்டுவதைவிட உடையையே எடுத்துப் போங்கள். படத்தில் எட்டு முனையும் பிரிந்து தெரியாது.

சலவைக்கல்

மாற்றிய பழைய நூலைக் குப்பைக் கூடையில் போட வேண்டாம். அதை இழிவாக எறிவதில்லை. புத்தகத்தில் அடையாள நூலாக வைப்பார்கள், அல்லது தேய்ந்த புனித ஏடுகளைச் சேர்த்து வைக்கும் கெனீசாப் பெட்டியில் போடுவார்கள். ஒரு சின்ன உறையில் எடுத்து வைத்துப் பெரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.